முதல் பனி தங்கிய இடங்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து உயர்ந்த மலைகளில் அக்டோபர் முடிவதற்குள்ளாகவே நல்ல பனி விழுந்துவிடும். அப்புறம் பல ஆண்டுகளில் சில வாரங்களுக்கு வானம் வெளுத்தே கிடக்கும். பகலில் வெயில், இரவில் எலும்பைத் துளைக்கும் குளிர். கீழே டென்வர் நகரத்தில் ஒரு ஸ்வெட்டர் போதும் என்ற நிலைமை. மேற்கே மலைத்தொடரில் மட்டும் வெள்ளைக் கோடுகள் தெரியும். பனிச்சறுக்குக்காரர்கள் இன்னும் கிளம்பியிருக்க மாட்டார்கள். கோடையில் மலையேறியவர்கள் காலணியைத் துடைத்து எடுத்து வைத்திருப்பார்கள். நான் ஆண்டுதோறும் தவறாமல் மேலே போவது இந்த இடைவெளியில்தான்.

ஒரு முழம் பனியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஒரு முழத்தின் மேல்தான் அடுத்த ஆறு மாதப் பனியும் வந்து உட்காரப் போகிறது. ஜனவரியில் அது ஒரு மீட்டருக்கும் அதிகமான பனிக்கு அடியில் புதைந்திருக்கும்; எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நவம்பரில் அதைக் கண்ணால் பார்க்கலாம், கையால் அள்ளலாம். எந்த மலைச்சரிவில் முதல் பனி உருகாமல் தங்கியது, எதில் முழுக்கக் கரைந்து புல் தெரிந்தது என்பதைப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டால், மலையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து இறங்கும் பனிச்சரிவு எங்கே வரக்கூடும் என்று கணிக்கக் குளிர்காலம் முழுக்க அது பயன்படும். என் அனுபவத்தில் இதைவிட உருப்படியான தயாரிப்பு வேறில்லை.

நான் வழக்கமாகப் போகும் இடம் பெர்த்தவுட் கணவாய். டென்வரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். யு.எஸ். 40 நெடுஞ்சாலை மலைத்தொடரைக் கடக்கும் உச்சி அது, 11,307 அடி. கிழக்கே விழும் பனி உருகி கிளியர் கிரீக் வழியாக சவுத் பிளாட் ஆற்றுக்குப் போகும். மேற்கே விழுவது ஃபிரேசர் ஆறு வழியாகக் கொலராடோ ஆற்றில் சேரும். அந்த மேற்குப் பக்கத்து நீரில் ஒரு பங்கை 1936 முதல் மொஃபட் சுரங்கம் வழியாக மலைக்கு அடியில் கிழக்கே கொண்டுவருகிறார்கள். டென்வரில் குழாயைத் திறந்தால் வருவதில் பாதிக்குப் பக்கம் மலைக்கு மேற்கே விழுந்த பனிதான். இங்கே குடியிருக்கிற யாருக்கும் இந்தப் பனி அந்நியமில்லை.

1937-இல் தொடங்கிய ஒரு பனிச்சறுக்கு மையம் ஒரு காலத்தில் இந்தக் கணவாயில் இருந்தது. இப்போது அது இல்லை. வண்டி நிறுத்த இடமும் பழைய சறுக்குப் பாதைகளும்தான் மிச்சம். பாதுகாப்புக்கு ஆள் கிடையாது. எதிர்ப்பக்க மலையில் ஸ்டான்லி என்று பெயர் வைத்த பனிச்சரிவுப் பாதை ஒன்று நெடுஞ்சாலை வரைக்கும் இறங்குகிறது. 2007 ஜனவரியில் அதில் இறங்கிய பனி இரண்டு கார்களைச் சாலையிலிருந்து தள்ளிவிட்டது. உள்ளே இருந்தவர்களை உயிரோடு மீட்டார்கள். கார் நிறுத்தத்தில் நின்று பார்க்கும்போது அழகாக, சாதுவாகத் தெரிகிற மலைதான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை சில உண்டு. அமெரிக்க மேற்கு மாநில மலைகளில் ஸ்னோடெல் என்ற தானியங்கி நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெர்த்தவுட் உச்சியிலும் ஒன்று உண்டு. தரையில் திரவம் நிரப்பிய தட்டையான பை ஒன்றை விரித்திருப்பார்கள். மேலே விழும் பனியின் எடை அதை அழுத்தும். அந்த அழுத்தத்திலிருந்து, இந்தப் பனி முழுவதும் உருகினால் எத்தனை அங்குலத் தண்ணீர் என்று கணக்கிட்டுத் தருவார்கள். பக்கத்தில் பனியின் ஆழத்தை அளக்கும் உணரியும் வெப்பமானியும் இருக்கும். எல்லாம் இணையத்தில் இலவசம்.

அதில் ஒரு எண்ணை மட்டும் நம்பி ஏமாறக் கூடாது. பனி, மழை நீரைக் கணக்கிடும் ‘நீராண்டு’ அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. 1991 முதல் 2020 வரையிலான இடைநிலை அளவோடு ஒப்பிட்டு, இன்று இத்தனை சதவீதம் என்று வரைபடத்தில் வண்ணம் அடிப்பார்கள். அக்டோபர் கடைசியில் ஒரு நிலையத்தின் வழக்கமான அளவு மூன்று சென்டிமீட்டர் நீர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு நல்ல பனிப்புயல் வந்தால் அது ஆறு சென்டிமீட்டராகிவிடும். வரைபடம் 200 சதவீதம் என்று கரு நீலத்தில் ஜொலிக்கும். ஆழம் என்னவோ முழங்கால் கூட இருக்காது. செய்திகளில் இந்தச் சதவீதத்தைத் தலைப்பாக்குவார்கள். நவம்பர் வரைக்கும் நான் சதவீதத்தைப் பார்ப்பதே இல்லை. நீரின் அளவு, ஆழம், இரவு வெப்பநிலை, இந்த மூன்றும் நாளுக்கு நாள் எப்படி ஓடியிருக்கின்றன என்று பார்க்கிறேன். பனி விழுந்த பிறகு எத்தனை இரவுகள் வானம் தெளிவாக, கடுங்குளிராக இருந்தன என்று எண்ணிப் பார்த்தாலே, அடியில் என்ன காத்திருக்கிறது என்பதில் பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்று, ஸ்னோடெல் நிலையங்களைக் காட்டுக்குள் காற்று அடிக்காத சமதளத் திறப்புகளில்தான் வைத்திருப்பார்கள். மரங்கள் நிற்கும் எல்லைக்கு மேலே, முகட்டை ஒட்டிய செங்குத்தான சரிவில் காற்று கொண்டுபோய்க் குவித்த பனியைப் பற்றி அவற்றால் ஒன்றும் சொல்ல முடியாது. அதற்கு முகடுகளில் இருக்கும் காற்றுமானிகளின் பதிவைப் பார்க்க வேண்டும். மணிக்கு 25, 30 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்திருந்தால் உதிரிப் பனி நகர்ந்திருக்கும். இங்கே பெரும்பாலும் மேற்குக் காற்று. ஆகவே கிழக்கு, வடகிழக்கு பார்த்த சரிவுகளில் பனி சேரும். வானத்திலிருந்து விழுவதைவிடப் பல மடங்கு வேகத்தில் காற்று பனியைக் கொண்டுபோய் ஓரிடத்தில் கொட்டும். வெயிலடிக்கிற, ஒரு பொட்டுப் பனி விழாத நாளில்கூட இது நடக்கும்.

பிறகு கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் முன்னறிவிப்பு. அதை வார்த்தை வார்த்தையாகப் படிக்க வேண்டும். ஆபத்தை ஐந்து நிலைகளாகச் சொல்வார்கள். நடுவில் இருக்கும் மூன்றாம் நிலைக்கு ஆரஞ்சு நிறம். ஐந்தில் மூன்று என்றதும் பாதிக்குப் பாதி என்று தோன்றும். சாவுகள் அதிகம் நடப்பது அந்த நிலையில்தான். நான்காவது, ஐந்தாவது நிலையில் ஆட்கள் பயந்து வீட்டில் இருந்துவிடுவார்கள். எண்ணைவிட எனக்கு முக்கியம், எந்தத் திசை, எந்த உயரம், என்ன வகைப் பிரச்சினை என்று அவர்கள் சொல்லும் பகுதி. பருவத் தொடக்கத்தில் மலைக்குப் போய்வருகிறவர்கள் குறைவு என்பதால் மையத்துக்கு வந்து சேரும் களத் தகவலும் குறைவு. அதனால் இந்த வாரங்களில் நம் கண்ணால் பார்ப்பதற்கு மதிப்பு கூடுதல்.

மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே நடக்கத் தொடங்காமல், கார் நிறுத்தத்திலேயே பத்து நிமிடம் சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். தெற்கு பார்த்த சரிவில் காய்ந்த புல் தெரிகிறதா? வடக்கு பார்த்ததில் மரங்களுக்கு அடியில் வெள்ளையாக இருக்கிறதா? முகட்டிலிருந்து பனி புகையாகக் கிளம்புகிறதா? எங்காவது புதிதாகப் பனிச்சரிவு இறங்கிய தடம் தெரிகிறதா? கடைசிக் கேள்விக்குப் பதில் ஆம் என்றால் வேறு சோதனையே தேவையில்லை. அதே திசை, அதே உயரத்தில் இருக்கும் மற்ற சரிவுகளும் அதே நிலையில்தான் இருக்கும்.

நடக்கும்போது ஊன்றுகோல்தான் முதல் கருவி. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை அதைத் தலைகீழாகத் திருப்பிக் கைப்பிடிப் பக்கத்தை மெதுவாகப் பனிக்குள் அழுத்துவேன். ஒரே சீராக எதிர்ப்பு கூடிக்கொண்டே போனால் நல்லது. மேலே கொஞ்சம் கெட்டியாக இருந்து, அதைத் தாண்டியதும் கம்பு தடையே இல்லாமல் தரை வரை சட்டென்று இறங்கினால், அடியில் வலுவற்ற அடுக்கு இருக்கிறது. வெயில் படும் பக்கமும் படாத பக்கமும் மாறி மாறி வரும் பாதையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஒரே நடையில் இரண்டையும் ஒப்பிடலாம். முகட்டின் தெற்கே வெறும் மண், நான்கு தப்படி தள்ளி வடக்கே முழங்கால் பனி என்று இந்த மலைகளில் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று போட்டோ எடுத்துக்கொள்வேன். டிசம்பரில் எல்லாமே ஒரே வெள்ளையாக மூடியபின் அந்த போட்டோவுக்குத்தான் மதிப்பு. வெறும் மண்ணில் விழும் டிசம்பர்ப் பனி பெரும்பாலும் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். பழைய அக்டோபர்ப் பனியின் மேல் விழுவது அப்படி நிற்காது.

ஏன் நிற்காது என்பதைக் குழி தோண்டிப் பார்த்தால்தான் மனதில் ஏறும். கோணம் குறைந்த, மேலே செங்குத்தான மலை எதுவும் இல்லாத, ஆனால் நாம் சந்தேகப்படும் அதே வடக்கு அல்லது வடகிழக்குத் திசை பார்த்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, தரை தெரியும் வரை ஷவலால், அதாவது பனி அள்ளும் மண்வாரியால், வெட்டுவேன். நவம்பரில் ஐந்து நிமிட வேலை. சூரியன் படாத சுவரைச் சுத்தமாகச் செதுக்கிவிட்டு விரலால் தடவினால் அடுக்குகள் தெரியும். பிறகு கெட்டித்தனம்: மூடிய கை முட்டி உள்ளே போகிறதா, நான்கு விரல்தான் போகிறதா, ஒரு விரலா, பென்சிலா, கத்தியா? உலகம் முழுக்கப் பனி பார்ப்பவர்கள் இந்த ஐந்து அளவைத்தான் வைத்திருக்கிறார்கள். மேலடுக்கில் நான்கு விரல் தள்ள வேண்டியிருக்கும். தரையை ஒட்டிய அடுக்கில் முட்டி தானாகவே உள்ளே போகும். ஒரு கை அள்ளினால் வறுத்த ரவை மாதிரி விரலிடுக்கில் உதிரும். எவ்வளவு இறுக்கினாலும் உருண்டை பிடிக்க வராது. இங்கே ஷுகர் ஸ்னோ என்பார்கள். சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு மணியும் பட்டை தீட்டினாற்போல் மின்னும். நன்றாக வளர்ந்தவை கோடு போட்ட சின்னக் கிண்ணங்களாக, பல மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். அதுதான் டெப்த் ஹோர்.

இது உருவாகக் காரணம் வெப்பநிலை வேறுபாடு. பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய பூஜ்ய டிகிரியில் இருக்கும். கோடையில் வாங்கிய சூடும் பூமிக்குள்ளிருந்து வரும் சூடும் அதைக் காக்கின்றன. மேல்பரப்பு தெளிந்த இரவில் வானத்துக்கு வெப்பத்தை இழந்து கடுமையாகக் குளிரும். 40 சென்டிமீட்டர் பனி, மேலே மைனஸ் 12 என்றால், பத்து சென்டிமீட்டருக்கு மூன்று டிகிரி வேறுபாடு. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரியைத் தாண்டினாலே, அடியிலிருந்து நீராவி மேலே ஏறி, மணிகளுக்கு இடையிலான பிணைப்பை அரித்து, பட்டை மணிகளாக மாற்றத் தொடங்கிவிடும். அதே மைனஸ் 12 குளிர், ஒன்றரை மீட்டர் பனியின் மேல் இருந்தால் வேறுபாடு ஒரு டிகிரிக்கும் கீழே. மணிகள் உருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பசிபிக் கடலை ஒட்டிய மலைகளில், கனமான பனி சீக்கிரமே குவிவதால் இந்தப் பிரச்சினை குறைவு. கடலிலிருந்து வெகுதூரம் உள்ள, பனி மெலிந்த, இரவு தெளிந்த கொலராடோவில் ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் இது தலைவலி. மெல்லிய பனிதான் கெட்டுப்போகிற பனி. குறைவாக விழுந்திருக்கிறதே, ஆபத்தும் குறைவு என்று நினைப்பது இங்கே பொருந்தாது.

ஒரு வெப்பமானியைக் கொண்டுபோனால் இதை நீங்களே அளக்கலாம். நிழலில் இருக்கும் குழிச்சுவரில், மேலிருந்து பத்து பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் செருகி, ஒரு நிமிடம் விட்டு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேற்பரப்பைக் காலையிலேயே அளந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் எண் மாறிவிடும். படித்துத் தெரிந்துகொண்டது வேறு, நம் கையிலிருக்கும் கருவி மூன்று டிகிரி என்று காட்டுவது வேறு. எனக்கு அந்த எண்ணைப் பார்த்த நாளிலிருந்துதான் தெளிந்த நவம்பர் இரவுகளின் மேல் கவனம் போகத் தொடங்கியது.

2020-ஐ இங்கே பேசாமல் இருக்க முடியாது. அந்த அக்டோபரில் ஈஸ்ட் டிரபிள்சம் காட்டுத்தீ இந்தக் கணவாய்க்கு வடக்கே கிராண்ட் லேக் ஊரை நோக்கிப் பாய்ந்து, மலைத்தொடரையே தாண்டிக் குதித்தது. மாதக் கடைசியில் வந்த பனிதான் அதை அடக்கியது. டென்வரில் புகையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் அந்தப் பனிக்குக் கைகூப்பினோம். அப்புறம் வந்தது நீண்ட வறட்சி. நிழலான சரிவுகளில் தங்கிய தொடக்கப் பனி வாரக்கணக்கில் அரிபட்டு, உதிரி மணிகளாகியது. அதன் மேல் குளிர்காலப் பனி ஏறியது. அந்தப் பருவத்தில் கொலராடோவில் 12 பேர், நாடு முழுவதும் 37 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். தீயை அடக்கிய பனியே பின்னால் பலவீனமான அடித்தளமாக மாறியது என்பதை நான் எப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

குழியில் செய்யும் சோதனைகளில் இரண்டு எனக்குப் பழக்கம். முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டரில் ஒரு தூணைத் தனியே வெட்டி, மேலே ஷவலின் தட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்து தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்ட வேண்டும். எந்தத் தட்டில், எந்த அடுக்கில் உடைகிறது என்று பார்ப்பது ஒன்று. தொண்ணூறு சென்டிமீட்டர் அகலத்துக்கு நீளமாக வெட்டி ஒரு முனையில் மட்டும் தட்டுவது இன்னொன்று. இதை 2006-இல் ரான் சிமன்ஹாய்ஸும் கார்ல் பர்க்லண்டும் அறிமுகப்படுத்தினார்கள். விரிசல் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஓடிவிட்டால், அந்த மலைச்சரிவிலும் அது ஓடக்கூடும். இரண்டாவது சோதனை சொல்வதையே நான் அதிகம் மதிக்கிறேன். ஆனால் நவம்பரில், மேலே இன்னும் ஒரே பாளமாகச் சரியக்கூடிய கெட்டியான பனிப்பலகை சேராத நிலையில், தூண் உடையாமல் பொலபொலவென்று கொட்டிவிடும். அதைப் பார்த்துப் பாதுகாப்பு என்று எழுதிவிடக் கூடாது. எரிபொருள் தயாராக இருக்கிறது, மேலே பலகை வருவதுதான் பாக்கி என்று எழுத வேண்டும். நல்ல சோதனை முடிவை வைத்துச் செங்குத்தான சரிவில் ஏற நான் ஒருநாளும் துணிய மாட்டேன். கெட்ட முடிவு வந்தால் உடனே திரும்பிவிடுவேன். ஒரு குழி ஒரு இடத்தைப் பற்றித்தான் பேசும். இருபது மீட்டர் தள்ளி வேறு கதையாக இருக்கும்.

குழியைவிட உரக்கப் பேசுவது தரை. கணவாய்க்குக் கீழே ஒரு புல்வெளியில் ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமலிருக்கக் காலணிக்கு அடியில் கட்டும் அகலமான சட்டம்) போட்டு நடந்துகொண்டிருந்தபோது, காலடியில் ‘தொம்’ என்று அடிவயிற்றில் கேட்கும் ஒரு ஓசையோடு எங்களைச் சுற்றியிருந்த பனி முழுவதும் ஒரு அங்குலம் கீழே இறங்கியது. விரிசல் ஒன்று எங்கள் முன்னால் மரங்கள் வரைக்கும் ஓடியது. அடியிலிருந்த உதிரி அடுக்கு நொறுங்கியதன் ஓசை அது. சமதளம் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. இதுவே முப்பது டிகிரி சாய்வாக இருந்தால் அந்தப் பனி எங்களோடு சேர்ந்து இறங்கியிருக்கும். ஓசை கேட்டாலோ விரிசல் ஓடினாலோ அன்றைக்குச் செங்குத்தான இடங்களுக்கு அடியில்கூட நடப்பதில்லை. சாய்வுக்குக் கீழே சமதளத்தில் நின்றபடியே மேலே உள்ள பனியைக் கிளப்பிவிட முடியும்.

அப்போது கூட வந்திருந்தவர் என் அலுவலகத் தம்பி. பனிக்குப் புதியவர். “அக்கா, புல்லு கூட வெளிய தெரியுது. இதுல என்னக்கா சரியப் போகுது?” என்று மேலே மலையில் ஓடை போல் இறங்கிய ஒரு செங்குத்துப் பள்ளத்தைக் காட்டினார். “இருப்பா, முதல்ல கோணத்தை அளந்துடலாம்” என்று இருவரும் தள்ளி நின்று போனிலுள்ள சாய்வுமானியால் பார்த்தோம். 37 டிகிரி. பனிப்பலகைகள் சரிவது பெரும்பாலும் 30-க்கும் 45-க்கும் இடைப்பட்ட சாய்வுகளில்தான். அதோடு அந்த ஓடை கிழக்கு பார்த்தது. சுற்றிலும் காற்று துடைத்துப்போட்ட பாறை, ஓடைக்குள் மட்டும் இடுப்பளவு பனி. சுற்றியுள்ள மலை வெறுமையாக இருப்பதற்கே காரணம், அங்கிருந்த பனியெல்லாம் இந்த ஓடைக்குள் வந்து சேர்ந்ததுதான். அவர் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதமே பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

பருவத் தொடக்கத்து விபத்துகளின் வடிவம் பெரும்பாலும் இப்படித்தான். மலை முழுக்கப் பனி இல்லாதபோது, பனி இருக்கும் இடத்தைத் தேடி ஆட்கள் போகிறார்கள். அது காற்று நிரப்பிய ஓடையாக, நிழலான வடக்குக் குடைவாக, கோடையிலும் உருகாத பழைய பனித்திட்டாக இருக்கும். சரியக்கூடிய பனி தொடர்ச்சியாக இருப்பதும் அங்கேதான். 2017 அக்டோபர் 7 அன்று மான்டானாவின் இம்ப் பீக் மலையில் அப்படி ஒரு பனிச்சரிவில், தேர்ந்த மலையேறியான ஒரு பெண் புதைந்து இறந்தார். சரிந்த பலகையின் தடிமன் ஒன்று முதல் இரண்டு அடிதான். அக்டோபர் முதல் வாரம்! மெலிந்த பனியில் மாட்டிக்கொண்டால் பாறைகளின் மேல் இழுத்துச்செல்லப்படும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே தரையில் பனி இருந்து, பாதை சாய்வுகளுக்கு அடியில் போனாலே பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி), ப்ரோப் கம்பி (பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கம்பி), ஷவல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் சமிக்ஞை விடும். கோடை முழுக்கப் பெட்டியில் கிடந்ததன் பேட்டரியை மாற்றி, கார் நிறுத்தத்திலேயே ஒருவரோடொருவர் சோதித்துவிட்டுக் கிளம்புவோம். புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் நல்ல வாய்ப்பு. மீட்புக் குழு வந்து சேரும் நேரம் அதற்குள் அடங்காது. கூட இருப்பவர்தான் காப்பாற்ற வேண்டும். தனியாகப் போகும் நாட்களில் இருபத்தைந்து டிகிரிக்குக் குறைந்த, மேலே எதுவும் தொங்காத காட்டுப் பாதையோடு நிறுத்திக்கொள்கிறேன். சாய்வுக்கு வண்ணம் தீட்டிய வரைபடத்தைக் கால்டோப்போ போன்ற தளத்தில் முந்தின இரவே பார்த்துவிடலாம்.

பனிச்சரிவு அல்லாத விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் பனிக்குள் விழுந்த மரங்களும் பாறை இடுக்குகளும் மறைந்திருக்கும். கணுக்கால் முறிய அது போதும். காலையில் பாதை கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும், காலணியில் மாட்டும் முள் சங்கிலியான மைக்ரோஸ்பைக் இல்லாமல் நிற்க முடியாது. மதியம் அதே இடத்தில் ஸ்னோஷூ வேண்டியிருக்கும். ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் பேர் லேக்கிலிருந்து எமரால்டு ஏரிக்குப் போகும் பாதை இங்கே எல்லோருக்கும் பிடித்தது. குளிர்காலத்தில் ஏரிகளின் மேலேயே ஆட்கள் நடப்பார்கள். நவம்பரில் அந்தத் தடத்தைப் பார்த்து இறங்கக் கூடாது. தெளிந்த, கெட்டியான பனிக்கட்டி குறைந்தது பத்து சென்டிமீட்டர் இருந்தால்தான் ஆள் எடை தாங்கும். ஓடை வந்து கலக்கும் வாயில் அது எப்போதும் மெலிந்திருக்கும். கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியபின் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், அதனால் நெற்றி விளக்கு. ஈரமான கையுறைக்கு மாற்றாக இன்னொரு ஜோடி. பதினோராயிரம் அடியில் தலைவலி வந்தால் கீழே இறங்குவதுதான் மருந்து.

எனக்குத் தனிப்பட்ட ஆசை ஒன்று உண்டு, பனியை எடை போடுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன், கிரேக்கம் கற்பித்த ஜேம்ஸ் சர்ச் என்ற பேராசிரியர், மவுண்ட் ரோஸ் மலையில் ஏறி, ஒரு குழாயைப் பனிக்குள் செருகி எடுத்து எடைபோட்டு, வசந்தத்தில் எவ்வளவு நீர் வரும் என்று கணிக்கும் முறையை உருவாக்கினார். மேற்கு அமெரிக்காவின் பனி அளவீடுகள் அங்கிருந்து வளர்ந்தவை. இதை நாமும் செய்யலாம். கொள்ளளவு தெரிந்த ஒரு உருளை டப்பாவைக் குழிச்சுவரில் பக்கவாட்டில் செருகி நிரப்பி, சின்னத் தராசில் வைக்க வேண்டும். ஒரு லிட்டர் பனி 200 கிராம் இருந்தால் அடர்த்தி 20 சதவீதம். 40 சென்டிமீட்டர் ஆழத்தில் அது 8 சென்டிமீட்டர் நீர். அடுக்கு அடுக்காக எடுத்தால் மேலே கனமாக, கீழே லேசாக இருப்பது எண்ணிலேயே தெரிந்துவிடும். லேசானதன் மேல் கனமானது உட்கார்ந்திருப்பதுதான் நாம் தேடுகிற எச்சரிக்கை. வீட்டுக்கு வந்து ஸ்னோடெல் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் எனக்கு அலாதி மகிழ்ச்சி.

பார்த்ததை அன்றிரவே எழுதி அனுப்பிவிடுவேன். பனிச்சரிவு மையம் பொதுமக்களின் களக் குறிப்புகளை வாங்கி வெளியிடுகிறது. நீளமாக எழுதத் தேவையில்லை. தேதி, இடம், உயரம், சாய்வு எந்தத் திசை பார்த்தது, ஆழம், அடியிலிருந்த மணிகள் எப்படி, ஓசை கேட்டதா, விரிசல் ஓடியதா, காற்று எந்தப் பக்கம், இரண்டு போட்டோ. ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் ஓடவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும், அதுவும் தகவல்தான். வடக்குச் சரிவில் இந்த உயரத்துக்கு மேல்தான் பழைய பனி தொடர்ச்சியாக இருக்கிறது, அதற்குக் கீழே திட்டுத் திட்டாக என்ற ஒரு வரிக்குத் தனி மதிப்பு உண்டு. அந்தக் கோட்டைப் பனி மூடிவிட்டால் அப்புறம் யாராலும் வரைய முடியாது. டிசம்பரில் முதல் பெரிய பனிப்புயலுக்குப் பிறகு, நவம்பரில் தோண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே, அதே திசையில், அதே குறைந்த கோணத்தில் மறுபடி ஒரு குழி வெட்டுவேன். அந்த உதிரி அடுக்கு இன்னும் இருக்கிறதா, மேலே எவ்வளவு கனம் ஏறியிருக்கிறது, தொண்ணூறு சென்டிமீட்டர் தூணில் இப்போது விரிசல் முழுக்க ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.